இழை சாயும் பக்கம்

குன்னூர் கடைவீதியில் கார்ப்பெட் வாங்க வெள்ளியங்கிரியின் கடைக்குப் போகிறவர்கள் முதலில் வாங்கிக்கொள்வது திட்டுத்தான். நிறத்தைப் பார்த்துக் கையை நீட்டினால் போதும், மனுஷனுக்குப் பற்றிக்கொண்டு வரும். "கலரு கெடக்கட்டுமுங்க. அதும்மேல நடக்கப்போறது ஆரு? செருப்போடயா, வெறுங்காலோடயா? மழை அடிக்கிற செவுரு எது? மொதல்ல அதச் சொல்லுங்க" என்பார். பதில் தெரியாதவர்களை வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லி அனுப்பிவிடுவார். இப்படி விரட்டியும் இருபத்தாறு வருஷமாகக் கடை ஓடுகிறது என்றால் அதற்குக் காரணம் அவருடைய கைதான். அவர் விரித்த கார்ப்பெட்டில் ஒட்டு எங்கே இருக்கிறது என்று அவராலேயே இரண்டாம் தடவை கண்டுபிடிக்க முடியாது.

போன சித்திரையில் கேத்தியிலிருந்து ஸ்ரீமதி வந்தபோது அவருக்கு வாயெல்லாம் பல். அந்தம்மா நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்து, தரையில் கிடந்த மாதிரித் துண்டுகள் மேல் ஒவ்வொன்றாக ஏறி நின்றார். நின்றபடி குதிகாலை ஊன்றினார், விரலை மடக்கினார், ஓர் எட்டு இழுத்து வைத்தார். பார்வை மட்டும் எதிர்ச் சுவர் காலண்டரிலேயே இருந்தது. வாழ்நாளில் முதல் தடவையாகக் காலால் கார்ப்பெட் பார்க்கிற ஓர் ஆளைப் பார்த்துவிட்டோம் என்று வெள்ளியங்கிரி டீ சொல்லி அனுப்பினார்.

டீ வருவதற்குள் அந்தச் சந்தோஷம் போய்விட்டது. அந்தம்மா கேட்டது ஒரு வீட்டுக்கு நாலு வகை. வாசலுக்குத் தேங்காய் நார். ஹாலுக்கு, இழையை வெட்டாமல் சுருட்டிச் சுருட்டி முடிச்சாக விட்டிருக்கும் லூப். படுக்கை அறைக்கு, இழை நுனியை வெட்டி மெத்தென்று விட்டிருக்கும் கட் பைல். அங்கிருந்து குளியலறைக்குப் போக, வரிவரியாக மேடு வைத்த ஒரு நீளத் துண்டு. ஒன்று முடிகிற இடத்தில் இன்னொன்று பட்டென்று தொடங்க வேண்டுமாம்.

"ஏனுங்கம்மா, இது ஊடா, இல்ல என்ற கடையோட சாம்பிள் புஸ்தகமா?" என்று வெள்ளியங்கிரி எகிறினார். "ஒரு தரைன்னா கண்ணுக்கு ஒண்ணாத் தெரியோணுமுங்க. இப்படிப் போட்டா பாக்கறவங்க என்னையத்தான் காறித் துப்புவாங்க."

"பாக்கறதுக்கு இல்லீங்கண்ணா" என்றபடி திரும்பிய ஸ்ரீமதி, காலடியில் இருந்த ஸ்டூலைத் தட்டிவிட்டார். அதைத் தூக்கி வைக்கக் குனிந்தவர் பக்கத்தில் சாய்த்திருந்த சுருளில் நெற்றியை இடித்துக்கொண்டார். வந்ததிலிருந்து இது மூன்றாவது இடி. "பாத்துங்க, பாத்துங்க" என்று வெள்ளியங்கிரி சொன்ன தொனியில் அந்தம்மாவின் முகம் மாறிப்போயிற்று. கடையில் வேறு யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு மெதுவாகச் சொன்னார்.

"உங்க சட்டைல மூணாவது பட்டன்ல நூலு பிரிஞ்சிருக்குதுங்கண்ணா. அது எனக்குத் தெரியுது. என்ற காலுகிட்ட என்ன இருக்குதுன்னு தெரியலீங்க."

ஒரு குழாய்க்குள்ளே பார்க்கிற மாதிரி, நேரே இருப்பது மட்டும்தான் தெரிகிறதாம். சுற்றிலும் ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் கொஞ்சமாக இருட்டிக்கொண்டு வருகிறது. போனது திரும்பாது, மிச்சம் இருப்பது எத்தனை வருஷம் தாங்கும் என்று சொல்ல முடியாது என்று கோயமுத்தூர் டாக்டர் சொல்லிவிட்டார். தங்கச்சி வீட்டுக்கு என்று சொல்லிவிட்டுத்தான் ஸ்ரீமதி அந்த டாக்டரிடம் போய் வருகிறார். புருஷன் கருணாகரனுக்குத் தெரியாது. அவர் கேத்திக் கேரட்டை மேட்டுப்பாளையம் மண்டிக்கு ஏற்றுகிற வியாபாரி. விடியுமுன்னே லாரியோடு போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். பேப்பர் படிக்கிற, ஊசியில் நூல் கோக்கிற பெண்டாட்டிக்குக் கண்ணில் கோளாறு என்று அவருக்கு எப்படித் தோன்றும்?

"எங்கப்பாவுக்கும் இதேதானுங்க" என்றார் ஸ்ரீமதி. "தெரிஞ்ச அன்னைக்கே ஊட்டுல எல்லாரும் சேந்து அவர ஒரு சேர்ல உக்கார வெச்சாங்க. எந்திரிச்சா போதும், நாலு பக்கமிருந்தும் உக்காருங்க, உக்காருங்கம்பாங்க. நானுந்தான் சொன்னேன். பதிமூணு வருசம் அந்தச் சேர்லயே இருந்தாருங்க. பார்வ முழுசாப் போறதுக்கு முன்னாடியே நடை போயிருச்சு. எங்கூட்டுக்காரருகிட்ட இதச் சொன்னா ஊட்ட வித்துப்போட்டு, கோயமுத்தூர்ல அவரு தம்பியூட்டு மாடிக்கு என்னையக் கூட்டிட்டுப் போயிருவாரு. என்ற நல்லதுக்குத்தான் செய்வாரு. ஆனா எனக்கும் ஒரு சேர் ரெடியாயிருமுங்க. எத்தன நாளு என்ற ஊட்டுல நானே நடந்துக்க முடியுமோ அத்தன நாளு நடந்துக்கறேன். கண்ணுக்குப் பதிலா கால் பாத்துக்கட்டும். நீங்க ஆருகிட்டயும் சொல்லக் கூடாது."

சொல்லமாட்டேன் என்று வெள்ளியங்கிரி தன் தலையில் கை வைத்து வாக்குக் கொடுத்துவிட்டார். கொடுத்த பிறகுதான், புருஷனிடம் மறைக்கிற காரியத்துக்குத் துணை போகிறோமே என்று உறைத்தது.

அளவெடுக்கப் போனபோது அந்த உறுத்தல் இன்னும் கூடியது. மலைச் சரிவில் கட்டின வீடு அது. தரை ஒரே மட்டத்தில் இருக்காது. ஹாலிலிருந்து சாப்பாட்டு அறைக்கு இரண்டு கல் படி இறங்க வேண்டும். இறங்கி இடதுபுறம் திரும்பினால் சமையலறை. அந்த இரண்டு படியில்தான் ஸ்ரீமதி போன கார்த்திகையில் விழுந்திருந்தார். மழையில் வழுக்கியது என்று புருஷனிடம் சொல்லியிருந்தார்.

வெள்ளியங்கிரி துண்டை எடுத்துக் கண்ணைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டை நாலு தடவை நடந்தார். இரண்டு தடவை சுவரில் முட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தம்மா கேட்டதற்கு மேலேயே செய்தார். படிக்கு இரண்டடி முன்னால் ஹாலின் அகலத்துக்கும் ஒரு நார்ப் பட்டை வைத்தார். அது குத்தினால் படி வந்துவிட்டது என்று அர்த்தம். படியை வெறும் கல்லாகவே விட்டார், குளிர்ச்சி காலுக்குச் சொல்லும் என்று. வேலை முடிந்த அன்று ஸ்ரீமதி வாசலிலிருந்து சமையலறை வரைக்கும், அங்கிருந்து படுக்கை அறைக்கும், எங்கேயும் கை நீட்டாமல் நடந்து காட்டினார். நடக்கும்போதே அழுதார். இந்த இருபத்தாறு வருஷத்தில் தான் செய்த நல்ல வேலை இதுதான் என்று வெள்ளியங்கிரிக்குத் தோன்றியது. அதை ஒருத்தரிடமும் சொல்லிப் பெருமை அடித்துக்கொள்ள முடியவில்லை. கடைவீதியில் கருணாகரன் எதிரே வந்தால் இவர் அந்தப் பக்கம் போய்விடுவார்.

ஐப்பசியில் அப்படித் தப்பிக்க முடியவில்லை. அடைமழை நாளில் கருணாகரன் குடையை உதறிக்கொண்டு கடைக்குள்ளேயே வந்துவிட்டார்.

"வர்ற வெள்ளிக்கெழம எங்களுக்குக் கல்யாணமாயி இருபத்தஞ்சு வருசமுங்க" என்று சிரித்தபடி உட்கார்ந்தார். "ஊட்டுல நீங்க போட்டதையெல்லாம் எடுத்துப்போட்டு, ஹாலு, படி, கீழ் ரூமு, பெட்ரூமு எல்லாத்துக்கும் சேத்து ஒரே கார்ப்பெட்டாப் போடோணும். கால் பொதையோணும். அவ தங்கச்சியூட்டுக்குப் போயிருக்கறா, மூணு நாள்ல வந்துருவா. வந்து பாத்து அப்படியே நின்னுரோணும்."

வெள்ளியங்கிரிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஏனுங்க, ஆறு மாசம்கூட ஆகலியே" என்றார்.

"அவ ஆசப்பட்டான்னு விட்டேனுங்க. வர்றவன் போறவனெல்லாம் ஒட்டுத்துணி தெச்ச மாதிரி இருக்குதுங்கறான். அதுகூடப் பரவால்லீங்க." கருணாகரன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவளுக்கு என்னமோ பண்ணுதுங்க. கொஞ்ச நாளாவே செவுத்தப் புடிச்சுப் புடிச்சு நடக்கறா. இந்தக் குளுர்ல செருப்பு வாங்கிக் குடுத்தாப் போடமாட்டேங்கறா, வெறுங்காலோடயே திரியறா. மூட்டு வலின்னு நெனைக்கறேன். கேட்டா ஒண்ணுமில்லீங்கறா. கீழ மெத்துன்னு இருந்தாலாச்சும் கொஞ்சம் சொகமா நடப்பா இல்லீங்களா?"

இதைக் கேட்டதும் சொல்லிவிடலாம் என்றுதான் வெள்ளியங்கிரிக்கு வந்தது. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கொடுத்த வாக்கு அங்கே நின்று மறித்தது. அதனால் தொழில் பேசினார். அடர்த்தியான கட் பைலும் அடியில் ஃபோமும் இந்த மழைக்கு ஈரத்தைக் குடித்துக்கொண்டு நாறும் என்றார். சுவர் முழுக்கக் காய வைத்துப் பூச்சு அடித்திருக்கிறேன் என்றார் கருணாகரன். தோட்டத்துச் சேற்றுக் கால் பட்டால் போகாது என்றார் இவர். பூட்ஸை லாரியிலேயே கழற்றிவிடுவேன் என்றார் அவர். படிக்கு மெத்தென்று போட்டால் விளிம்பு தெரியாது, வழுக்கும் என்றார் இவர். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த கருணாகரனுக்குச் சலித்துப்போயிற்று.

"உங்களால முடியலீன்னா சொல்லுங்க. ஊட்டில ஆளு இருக்குது, நாளைக்கே வந்து போட்டுத் தர்றான்."

ஊட்டிக்காரன் எந்தக் கேள்வியும் கேட்காமல் சுவருக்குச் சுவர் விரித்துவிட்டுப் போய்விடுவான். அதை நினைத்த மாத்திரத்தில், "நானே போடறேனுங்க" என்று வெள்ளியங்கிரி சொல்லிவிட்டார்.

கருணாகரன் போன உடனே ஸ்ரீமதிக்குப் போன் போட்டார். ஆஸ்பத்திரியில் கண்ணுக்கு மருந்து விட்டு உட்கார வைத்திருக்கிறார்கள் என்று சொன்னார் ஸ்ரீமதி. வெள்ளியங்கிரி விஷயத்தைச் சொன்னார்.

"அவருகிட்டச் சொல்லிரலாமுங்க அம்மணி" என்றார் வெள்ளியங்கிரி. "உங்க மேல உசுரையே வெச்சிருக்கறாரு. எனக்கே தாங்கலீங்க."

"உசுர வெச்சிருக்கறதுனாலதானுங்கண்ணா பயமா இருக்குது" என்றார் ஸ்ரீமதி. "ஆசையாச் செய்யறாரு, செய்யட்டும். போட்டுருங்க. நான் அடி எண்ணி நடந்துக்குவேன். படிய மட்டும் எப்படியாச்சும் பாத்துக்குங்க."

எப்படிப் பார்த்துக்கொள்வது? படி உட்பட எல்லாமே ஒரே கார்ப்பெட் என்றால் தரை முழுக்க ஊமையாகிவிடும். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை வெள்ளியங்கிரிக்கு. கடையில் கருணாகரனுக்கென்று எடுத்து வைத்த யானைத் தந்த நிறச் சுருளின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கம் தடவினால் வழுக்கியது. இந்தப் பக்கம் தடவினால் சிலிர்த்துக்கொண்டு நின்றது. பூனை முதுகு மாதிரி, கட் பைலின் இழை ஒரு பக்கமாகத்தான் சாய்ந்திருக்கும். துண்டு துண்டாக வெட்டி ஒட்டும்போது எல்லாத் துண்டுக்கும் இழை ஒரே பக்கம் சாய வேண்டும் என்பது இந்தத் தொழிலில் முதல் நாள் பாடம். ஒரு துண்டைத் திருப்பி ஒட்டிவிட்டால் வெளிச்சம் வேறு மாதிரி விழுந்து அந்த இடம் மட்டும் கறை பட்டது போல் இருட்டாகத் தெரியும். திருப்பி ஒட்டினவனைத் தொழில் தெரியாதவன் என்று கடைவீதியே சிரிக்கும். வெள்ளியங்கிரியே அப்படி எத்தனையோ பேரைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்.

வியாழக்கிழமை காலை தன் ஆள் பாலனோடு போய் வேலையைத் தொடங்கினார். பாலன் பன்னிரண்டு வருஷமாகக் கூட இருக்கிறவன், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். பழையதை எடுத்து, ஃபோம் விரித்து, ஹாலுக்கு வெட்டி ஒட்டி வரும்போது, படிக்கு முன்னால் இரண்டடிப் பட்டையை வெள்ளியங்கிரி தனியாக வெட்டித் திருப்பிப் போட்டார். ஒட்டைச் சூடு காட்டித் தேய்க்கிற இஸ்திரிப் பெட்டியோடு பாலன் அப்படியே நின்றுவிட்டான்.

"அண்ணா, எழை மாறிக் கெடக்குது."

"தெரியும். தேய்."

"அண்ணா, மாறிக் கெடக்குதுங்கறேன்."

"எனக்குக் கண்ணு இருக்குதடா. தேய்!"

படிகளின் மேல் போட்ட துண்டுகளையும் திருப்பினார். வாசலில் ஒரு சதுரம், படுக்கை அறை வாசலில் ஒரு பட்டை, குளியலறைக்குப் போகிற வழியில் ஒரு நீளத் துண்டு, எல்லாவற்றையும் எதிர்ப்பக்கம் சாய்த்து ஒட்டினார். ஆறு மாதம் முன்னால் போட்ட அதே வழி. அப்புறம் செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நடந்து பார்த்தார். காலை லேசாக இழுத்து வைத்தால் தெரிந்தது. சிலிர்ப்பு சின்னதுதான். ஆனால் தேடுகிற காலுக்கு அது போதும். பாலன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு சாமான்களை மூட்டை கட்டி ஜீப்பில் ஏற்றப் போய்விட்டான்.

நாலு மணிக்குக் கருணாகரன் வந்தார். வாசலிலேயே சிரிப்பு நின்றுபோயிற்று. மழை விட்டு ஜன்னல் வழியாக வெளிச்சம் சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. தந்த நிறத் தரையில் அங்கங்கே ஈரத் துணியைப் போட்டு எடுத்த மாதிரி இருட்டுப் பட்டைகள்.

"என்னங்க இது?" குனிந்து தேய்த்துப் பார்த்தார். "கறையா?"

"இல்லீங்க. இழை மாறி ஒட்டிட்டேனுங்க." வெள்ளியங்கிரி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "என்ற தப்புத்தானுங்க."

அந்த வார்த்தையை அவர் தொழிலில் இதுவரை சொன்னதில்லை.

"இருபத்தாறு வருசமாப் போடறேம்பீங்களே? நாளைக்கு இருபது பேரு வர்றாங்க. லாட்ஜுக்காரரும் வர்றாரு, அவரு பன்னெண்டு ரூமுக்கு உங்களுக்குத்தான் சொல்லலாம்னு இருந்தாரு. இதப் பாத்தா சொல்லுவாரா? நான் என்னன்னு அவருகிட்டச் சொல்றது?" கருணாகரனுக்குக் கோபத்தைவிட அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது. "அவளுக்குன்னு ஒண்ணு செஞ்சேன். அதையும் இப்படிப் பண்ணிட்டீங்களே."

அடுத்த வாரம் மாற்றித் தருகிறேன் என்று வெள்ளியங்கிரி முணுமுணுத்தார். அதற்குள் அந்தம்மாவை எப்படியாவது பேச வைத்துவிட வேண்டும் என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டார். கிளம்பலாம் என்று கருவிப் பெட்டியைத் தூக்கி நடு ஹாலில் வைத்தபோது வெளியே ஆட்டோ வந்து நின்றது. ஸ்ரீமதி சொன்னதற்கு முன்னாலேயே வந்துவிட்டார்.

கருணாகரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். மனுஷன் முகத்தில் மறுபடியும் கல்யாண மாப்பிள்ளைக் களை. "உள்ள வராத, இரு இரு. செருப்பக் கழட்டு. கண்ண மூடு" என்று பின்னால் போய்த் தன் இரண்டு கையாலும் பெண்டாட்டியின் கண்ணைப் பொத்தினார். அப்படியே உள்ளே நடத்திக்கொண்டு வந்தார்.

"இப்பக் கைய எடுக்கறேன், நீ தொறக்கக் கூடாது. அப்படியே நட. காலுக்குக் கீழ என்னன்னு சொல்லு பாக்கலாம்!"

கையை எடுத்தார். ஸ்ரீமதி கண்ணை இறுக மூடிக்கொண்டு நடந்தார்.

கண்ணை மூடிக்கொண்டு நடக்கிறவர்கள் கையை முன்னால் நீட்டுவார்கள், காலால் துழாவுவார்கள், சிரிப்பார்கள், நின்று நின்று போவார்கள். ஸ்ரீமதி கையைப் பக்கத்தில் தொங்கவிட்டபடி நடந்தார். கட்டை விரல் மட்டும் தரையை லேசாக வருடிக்கொண்டு போயிற்று. வாசல் சதுரம் தாண்டியதும் ஒரு நொடி தயங்கினார். அடுத்த நொடி முகம் மலர்ந்துவிட்டது. சுவர் ஓரமாகவே போய், இருட்டுப் பட்டையில் கால் பட்டதும் சட்டென்று நின்றார். விரல் ஒரு தடவை முன்னும் பின்னும் போய் வந்தது. பிறகு ஒன்று, இரண்டு என்று படி இறங்கி, இடதுபுறம் திரும்பி, சமையலறை வாசலில் போய் நின்றார். கண் இன்னும் மூடியேதான் இருந்தது.

"கீழயும் போட்டிருக்கறீங்களா? பூ மாதிரி இருக்குதுங்க" என்றார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

உற்சாகமாகக் கை தட்டிக்கொண்டிருந்த கருணாகரன் சட்டென்று நிறுத்திவிட்டார். அவர் பட்டையைப் பார்த்தார். படியைப் பார்த்தார். வெள்ளியங்கிரியைப் பார்த்தார். தடுமாற வேண்டிய இடத்தில் தடுமாற அந்தம்மா மறந்துபோனார். வெள்ளியங்கிரியின் வேலை அவ்வளவு சுத்தமாக இருந்ததுதான் வினையாகிப்போனது.

"ஸ்ரீ" என்றார் கருணாகரன். "கண்ணத் தொறந்துட்டு இங்க வா."

ஸ்ரீமதி கண்ணைத் திறந்து, புருஷன் முகத்தையே பார்த்துச் சிரித்தபடி, படியேறி நேரே அவரை நோக்கி வந்தார். வழியில் நடு ஹாலில் கருவிப் பெட்டி இருந்தது. வெள்ளியங்கிரி "அம்மணி!" என்று கத்துவதற்குள் இரும்பு விளிம்பில் முழங்கால் எலும்பு மோதி, அந்தம்மா இரண்டு கையையும் ஊன்றிக் கீழே விழுந்தார்.

பட்டப்பகல் மாதிரி வெளிச்சம் இருந்தது. பெட்டி சிவப்பு நிறம். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு படி இறங்கினவர், கண்ணைத் திறந்துகொண்டு ஒரு பெட்டியில் இடித்து விழுந்து கிடந்தார்.

கருணாகரன் பக்கத்தில் போய் மண்டியிட்டார். ஸ்ரீமதியே சொன்னார், அப்பாவுக்கு வந்ததுதான், மூணு வருசமாச்சு என்று. மூணு வருசமா என்று கருணாகரன் திருப்பிச் சொன்னார். பிறகு மெல்லத் தலையைத் தூக்கி, "உங்களுக்கு?" என்று வெள்ளியங்கிரியைக் கேட்டார்.

"சித்திரையிலிருந்து தெரியுமுங்க."

"எனக்கு முந்தி." ஓங்கி அறைந்திருந்தால்கூட வெள்ளியங்கிரி தாங்கியிருப்பார். கருணாகரன் பெண்டாட்டி பக்கம் திரும்பினார். "இருபத்தஞ்சு வருசம் கூட இருக்கறேன். கார்ப்பெட் போட வந்தவருகிட்டச் சொல்லியிருக்கற."

கருணாகரன் ஸ்ரீமதியின் இரண்டு தோளையும் பிடித்துத் தூக்கினார். முழங்காலில் ரத்தம் கசிந்து புடவையில் ஊறிக்கொண்டிருந்தது. சோபாவுக்கு நடத்திக்கொண்டு போய், "உக்காரு" என்றார். "எந்திரிக்காத. இனிமே எதுன்னாலும் என்னையக் கூப்புடு. நான் மண்டிக்குப் போகலை. தம்பிகிட்டப் பேசறேன். நீ உக்காரு."

ஸ்ரீமதி உட்கார்ந்தார். அந்த முகத்தைப் பார்க்க வெள்ளியங்கிரிக்குத் தைரியம் இல்லை. கீழே பார்த்தார். சோபாவுக்கு அடியில் அந்தம்மாவின் கால் கட்டை விரல் இழையை ஒரு பக்கம் தள்ளி, மறுபக்கம் தள்ளி, மறுபடி தள்ளிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அந்த விரல் நின்றது. ஸ்ரீமதி எழுந்தார்.

"அண்ணா காலைலிருந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்கமாட்டாரு. காப்பி போட்டுட்டு வரேன்."

"ஸ்ரீ, உக்காருன்னு சொன்னேன்."

"போட்டுட்டு வந்து உக்காந்துக்கறேனுங்க."

போனார். பெட்டி இருந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு, பட்டையில் ஒரு நொடி நின்று, இறங்கிப் போனார். கேஸ் அடுப்பைப் பற்ற வைக்கும் சத்தம் கேட்டபோது கருணாகரன் துள்ளிவிட்டார். பேசத் தனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று வெள்ளியங்கிரிக்குத் தெரியவில்லை. பெட்டியைத் தூக்கிச் சுவரோரம் ஒதுக்கினார்.

தட்டில் மூன்று டம்ளரோடு ஸ்ரீமதி படியேறி வந்தார். முதல் படியில் கால் வைத்து இரண்டாவதற்குக் காலைத் தூக்கினார். கருணாகரனால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. பாய்ந்து போய்ப் பெண்டாட்டியின் முழங்கையைப் பிடித்துவிட்டார். எண்ணிக்கொண்டு வந்த கால் அந்தப் பிடியில் தப்பியது. தட்டு சாய்ந்து மூன்று டம்ளரும் உருண்டன. புதுத் தரையில் காப்பி ஆறாக ஓடியது.

"ஆறு மாசத்துல ஒரு சொட்டுச் சிந்தலீங்க நான்" என்றார் ஸ்ரீமதி. அழுகை இல்லை, கோபமும் இல்லை. "நீங்க புடிச்சதுனால சிந்திருச்சு."

கருணாகரன் கையை எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்று தெரிந்தது மாதிரியும் இருந்தது, எடுக்கத் தெரியாதது மாதிரியும் இருந்தது. ஸ்ரீமதி தட்டை இடுப்பில் அண்டக்கொடுத்துக்கொண்டு, ஒவ்வொரு விரலாக அவர் பிடியைப் பிரித்தார்.

"இன்னொருக்காப் போட்டுட்டு வரேன். இந்தத் தடவ புடிக்காதீங்க."

திரும்பி இறங்கிப் போனார். வெளிர் கார்ப்பெட்டில் காப்பி ஊறி ஃபோமுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டுத் தேநீர் பட்டாலே துணியைத் தேடி ஓடுகிற வெள்ளியங்கிரி அதைப் பார்த்துக்கொண்டே நின்றார், குனியவில்லை. கருணாகரன் தன் கைகளைப் பின்னால் கொண்டுபோய், ஒன்றை மற்றொன்றால் இறுகப் பிடித்துக்கொண்டார். கீழே பால் பொங்குகிற சத்தம் கேட்டது. டம்ளர் வைக்கிற சத்தம் கேட்டது. காலடிச் சத்தம் படியை நோக்கி வரத் தொடங்கியது. கருணாகரனின் உதடுகள் அசைந்தன. சத்தம் வராமல் அவரும் எண்ணிக்கொண்டிருந்தார்.